கறை போகும் வரை

“அந்தப் பாட்டைப் பாடு.”

கேட்டுவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று எதைச் சொல்லி வளர்த்தார்களோ, அதையே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு, வழிமறிக்கிறவளைப் போலக் கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டுவிட்டாள்.

அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாள்.

“ஆறிடுச்சா?”

“பாட்டு கேட்டேம்மா.”

“நல்லா ஆறட்டும். சூடா இருந்தா தொண்டையில போய் நின்னுக்கிட்டு எறங்க மாட்டேங்குது.”

வெளியே மழை. நான்கு நாளாக விடவில்லை. அறைக்குக் குறுக்கே கட்டிய கொடியில் இரண்டு புடவையும் ஒரு துண்டும் நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டிய இரண்டு ரவிக்கையும் தொங்கின. காயாத துணியின் வாடை அறை முழுக்க. முப்பது வருஷம் ஊரான் வீட்டுத் துணியையெல்லாம் வெளுத்துக் காயவைத்தவளுக்குத் தன் ரவிக்கையைக் காயவைக்க வழியில்லை. இதைச் சொல்லிக் காலையில் இரண்டு பேரும் சிரித்திருந்தார்கள். மகள் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால். போய்த் திரும்பியபின் சிரிப்பு இல்லை.

மகளுக்கு அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் டிகிரி என்று பேர். பதினாறு குடித்தனங்களில் கல்லூரிக்குப் போய்ப் பட்டத்தோடு வந்தவள் அவள் ஒருத்திதான். ‘டிகிரி, இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா’, ‘டிகிரி, ஸ்கூல்லேருந்து என்னமோ எழுதி அனுப்பியிருக்காங்க, என்னன்னு பாரு’. மரியாதை பாதி, நக்கல் பாதி. அவளும் படித்துச் சொல்வாள். நாலு எழுத்து படித்தவளுக்கு நாற்பது பேர் வீட்டு வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே சொல்வாள். அவள் வாய்க்குப் பயந்து சிலர் ஏழாம் நம்பர் வீட்டுப் பள்ளிக்கூடப் பையனிடம் போய்விடுவதும் உண்டு.

அம்மாவுக்கு வேலை லாண்டரியில். தெருமுனை இஸ்திரிக் கடை என்று நினைத்துவிடக் கூடாது. ஊரிலிருக்கும் ஆஸ்பத்திரிகளும் தங்கும் விடுதிகளும் அழுக்கை மூட்டை மூட்டையாகக் கட்டி அனுப்புகிற பெரிய லாண்டரி. ஒரு பக்கம் பாய்லர் உறுமும், ஒரு பக்கம் துவைக்கும் மிஷின்கள் சுற்றும். உள்ளே நின்று பேசுகிறவர்கள் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். மிஷினுக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு துணியும் கறை மேசையைத் தாண்ட வேண்டும். அந்த மேசை அம்மாவுடையது. ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர். வெந்நீர் பட்டுவிட்டால் அது துணியோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். எண்ணெய்க்குச் சாக்பீஸ் பொடி. துருவுக்கு ஆசிட், அதுவும் குச்சி நுனியில் தொட்டு. பிரசவ வார்டு விரிப்புகளில் பால் சிந்தியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. அலசி, காய்ந்து, இஸ்திரி சூடு பட்டபிறகுதான் மஞ்சளாக எழுந்து நிற்கும். அம்மா அதை முன்னாலேயே விரலால் தடவிக் கண்டுபிடிப்பாள். அந்த இடம் மட்டும் லேசாக விறைத்திருக்குமாம். அங்கே அவளுக்குக் கறைக்காரி என்று பேர். யாரும் கேலியாகச் சொன்னதில்லை. மேனேஜரே, ‘கறைக்காரி என்ன சொல்லுது, போகுமா போகாதா’ என்றுதான் கேட்பார்.

எட்டு மாதமாகக் கறைக்காரியின் குரல் உடைந்து வந்தது. சளி என்றார்கள், சூடு என்றார்கள். கடைசியில் பெரிய டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு மகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். குரல்நாண்மேல் கட்டி. திங்கட்கிழமை வந்து படுக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன். உயிருக்குப் பயமில்லை, குரலுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். ஆசிட் புகையாலா டாக்டர் என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிட மணியடித்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள். மூடிமறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அம்மா கொஞ்சநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பேசிப் பேசி என்னத்தக் கிழிச்சேன். போனா போவுது” என்றாள்.

அப்போதுகூட மகளுக்குப் பாட்டு ஞாபகம் வரவில்லை. வந்தது இன்று காலையில்தான்.

பெரியம்மா, அம்மாவுக்குக் கூடப் பிறந்த அக்கா. நான்கு தெரு தள்ளி வீடு. அவளுக்கு ஒரே மகள்; டிகிரிக்கு அக்கா முறை, நான்கு வயது மூத்தவள். அக்காவுக்குப் பிள்ளை பிறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அம்மாவின் கட்டியைப் பற்றி அந்த வீட்டில் பெரியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். பச்சை உடம்புக்காரி காதில் போட வேண்டாம் என்று பெரியம்மா சொல்லியிருந்தாள். காலையில் போனபோது பெரியம்மா வெளியே போயிருந்தாள். உள் அறையில் அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இங்குமங்கும் நடந்தபடி பாடிக்கொண்டிருந்தாள்.

*கறை போகும் வரை கண்ணே கண்மூடு,*
*துவைப்போசை கேட்டுத் தூங்கு.*

டிகிரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அது பழைய ரேடியோப் பாட்டு. படகுக்காரன் பெண்டாட்டி நடு ஆற்றில் பிள்ளையைத் தூங்கவைக்கிற பாட்டு. ‘கரை சேரும் வரை கண்ணே கண்மூடு, துடுப்போசை கேட்டுத் தூங்கு’ என்றுதான் வரும். எப்போதாவது தேநீர்க் கடை ரேடியோவில் கேட்டிருக்கிறாள். ஆனால் கறை போவதும் துவைக்கிற சத்தத்தில் பிள்ளை தூங்குவதும் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் நடக்கும். லாண்டரியில்.

பள்ளிக்கூட விடுமுறையில் அவள் அங்கே தலையணை உறை மடிக்கப் போவாள். மடிப்பு மேசையில் ஒரு அத்தை. அத்தை என்றால் உறவில்லை; எல்லாப் பிள்ளைகளும் அப்படிக் கூப்பிடும். அவள் ஒருநாள் வேலை வேகத்தில் இந்த வார்த்தைகளை முணுமுணுத்தாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கறை மேசையிலிருந்து அம்மா எழுந்து வர, அத்தனை வாயும் மூடிக்கொண்டது. அம்மா போனபிறகு அத்தை காதோடு சொன்னாள்.

“உங்கம்மா பாட்டுடி அது. எப்படிப் பாடுவா தெரியுமா? மிஷின் சத்தத்தையே அடக்கிடுவா. பாய்லர்காரர் கெடுத்து வச்ச பாட்டு. அதோட ஒரு கதை, அந்தக் கதையோட ஒரு புள்ள. புள்ள போயிடுச்சு, பாட்டும் போயிடுச்சு. உங்கம்மாகிட்ட எத வேணா கேளு. பாடச் சொல்லி மட்டும் கேட்டுடாத. சத்தியம் பண்ணு.”

பன்னிரண்டு வயதில் செய்த சத்தியம். பிள்ளை போய்விட்டது என்றால் செத்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். செத்துப்போன பிள்ளைக்காகத்தான் தனக்குத் தாலாட்டு இல்லாமல் போனது என்று ஒரு மாதிரி மன்னித்தும் வைத்திருந்தாள்.

“வா வா, ஏன் வாசல்லயே நிக்கிற? பேய பாத்த மாதிரி!” என்றாள் அக்கா.

“இந்தப் பாட்ட எங்க கத்துக்கிட்ட?”

“கத்துக்கவெல்லாம் இல்லடி. பத்துப் பன்னெண்டு நாளா இவனத் தூக்கினா தானா வாயில வருது. சிரிக்காத, சொன்னா. சின்ன வயசுல ஏதோ ஒரு எடம். வெள்ள வெள்ளயா துணி தொங்கும். அந்தப் பக்கம் நின்னு யாரோ பாடுவாங்க. முகமே தெரியாது. துணிக்குக் கீழ ரெண்டு ஈரக் கால் மட்டும் தெரியும். நான் இந்தப் பக்கம் உக்காந்து சாப்பிடுவேன். அம்மாகிட்ட கேட்டா நீ கனவு கண்டிருப்படின்னு சொல்லுது.”

“வார்த்த தப்பு. கரை சேரும்னு வரணும்.”

“அப்படியா? எனக்கு இப்படித்தான் தெரியும். இனிமே மாத்தினா இவன் ஒத்துக்க மாட்டான்.” பிள்ளையை முகர்ந்துகொண்டு அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மேல் உதடு ஒரு பக்கம் ஏறிக்கொண்டது. அம்மாவுக்கு ஏறுவதைப் போல. இருபத்துமூன்று வருஷம் பார்த்த சிரிப்பு. பெரியம்மா மகள் சித்தி சாடையில் இருப்பது என்ன அதிசயம் என்று அத்தனை பேரும் சொன்ன சிரிப்பு.

பிள்ளை போய்விட்டது. நான்கு தெரு தள்ளிப் போயிருந்தது.

இப்போது கிண்ணத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு டிகிரி கீழே உட்கார்ந்தாள்.

“மடிப்பு மேசை அத்தைக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன். ஒடைச்சாச்சு. நாளைக்கு உன்ன உள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்க. நாளன்னைக்கு வாயில குழாய். அதுக்கப்புறம் யார்கிட்ட போய்க் கேக்குறது? ஒரே ஒரு தடவ. எனக்கு.”

“தொண்ட இருக்குற இருப்புல பாட்டா?”

“தொண்ட நல்லா இருந்தப்ப பாடினியா?”

அம்மா கஞ்சியை ஒரு வாய் குடித்தாள். விழுங்குவதற்குக் கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்ட வேண்டியிருந்தது. அப்படி மூன்று வாய். பிறகு கிண்ணத்தை வைத்துவிட்டுப் புடவை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். மகள் இடத்தைவிட்டு அசையவில்லை.

“உங்கப்பாவுக்கே நான் பாடினதில்ல.” அப்பா லாண்டரி வண்டி ஓட்டியவர். செத்து நான்கு வருஷம் ஆகிறது.

“நான் அப்பா இல்ல.”

“பிடிவாதத்துல அவரையும் மிஞ்சிட்ட.” அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணை மூடினாள். பாடினாள்.

குரலென்று சொல்ல முடியாது. அட்டையைக் கிழிப்பது போல ஒரு சத்தம், நடுநடுவே காற்று. ஆனாலும் மெட்டு எங்கேயும் தடுக்கவில்லை. கிழிசலுக்கு அடியில் ஒரு காலத்தில் என்னவாக இருந்தது என்பது தெரிந்தது. மழைச்சத்தத்துக்கு நடுவில் ஒவ்வொரு வார்த்தையாக மகள் காதை நீட்டி வாங்கிக்கொண்டிருந்தாள். கரை சேரும் வரை கண்ணே கண்மூடு. துடுப்போசை கேட்டுத் தூங்கு.

இரண்டாம் அடி முடிவதற்குள் டிகிரி எழுந்துவிட்டாள்.

“போதும்.”

அம்மா கண்ணைத் திறந்தாள்.

“கரை, துடுப்பு. சுத்தமா வெளுத்துக் குடுக்குற. இது ரேடியோ பாட்டு. தேநீர்க் கடையில போய் உக்காந்தா எனக்கே கெடைக்கும். நான் கேட்டது இது இல்ல.”

“பாட்டுன்னா இதுதான்.”

“காலையில அக்கா அவ புள்ளைக்குப் பாடுறா. கறை போகும் வரைன்னு.”

அம்மாவின் கை கழுத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

“அவளுக்கு ஞாபகம் இருக்கா?” என்றாள். மகள் எவ்வளவோ கேள்விகளை எதிர்பார்த்து வந்திருந்தாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள், மறுப்பாள், அழுவாள், அடிப்பாள்கூட. இதை எதிர்பார்க்கவில்லை.

“வெள்ளத் துணி ஞாபகம் இருக்காம். ரெண்டு ஈரக் கால் ஞாபகம் இருக்காம். அவ உன் புள்ளையா?”

“மெதுவா பேசுடி.”

“உன் புள்ளையான்னு கேட்டேன்.”

“ஆமா.”

மழை கொஞ்சம் வலுத்தது. ஜன்னல் வழியாகத் தெறித்த நீர் கட்டில் காலை நனைத்தது. அம்மா பழக்கத்தில் எழுந்து ஒரு கந்தைத் துணியை அங்கே போட்டாள். போட்டுவிட்டு நின்றபடியே பேசினாள். மேசைக்கு முன்னால் நிற்கும் அதே நிற்பு.

“பாய்லர்காரர் புதுசா வந்த சமயம். நிலக்கரி தள்ளிக்கிட்டே இந்தப் பாட்டப் பாடுவார். அத்தன சத்தத்துல ரேடியோவ எப்படிக் கேட்டாரோ, கறை போகும், துவைப்போசைன்னுதான் பாடுவார். சந்தேகமே கெடையாது அவருக்கு. நம்ம லாண்டரிக்கின்னே எழுதின மாதிரி இருக்குல்லன்னு பெருமையா வேற கேப்பார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். நான்தான் போய், அது கரைங்க, ஆத்துக் கரை, படகுன்னு சொன்னேன். மொகம் செவந்து போச்சு. அப்புறம் சொன்னார், நான் படகையும் பாத்ததில்ல ஆத்தையும் பாத்ததில்ல, தெனம் ஒங்க மேசையத்தான் பாக்குறேன்னு. அன்னைக்கு ஆரம்பிச்சது.”

“எங்க அவர்?”

“வேற ஊர்ல பெரிய பாய்லர், போய் எடம் பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்னார். வரல. செத்தார்னு சொல்லவும் எனக்குத் தெரியாது, ஓடினார்னு சொல்லவும் தெரியாது. வரல, அவ்வளவுதான். எனக்கு அஞ்சு மாசம். பதினெட்டு வயசு. புள்ளையப் பெத்தேன், பதினோரு மாசம் வச்சிருந்தேன். ராவும் பகலும் அந்தப் பாட்டுதான் அவளுக்கு. தப்பு வார்த்தையோடதான். அது இருந்தா அவரும் இருக்குற மாதிரி. அப்புறம் உங்க பெரியம்மா வந்தா. அவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், வயிறு தொறக்கல. எங்கிட்ட குடுத்துடு, உனக்கும் ஒரு வாழ்க்க அமையும்னா. குடுத்தேன்.”

“துணி மாதிரி மடிச்சுக் குடுத்துட்ட.”

“நீ என்ன வேணா பேசு. படிச்சவ.” அம்மாவின் குரல் அறுந்தது. இருமினாள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். “குடுத்த மூணாம் நாளே திரும்பி வந்தா உங்க பெரியம்மா. புள்ள ஒரு வாய் சோறு எறக்கல, பாட்டு கேக்குதுன்னு கையப் புடிச்சுக்கிட்டு அழுவுறா. தெனம் மதியம் லாண்டரிப் பின்பக்கம் கொண்டாரேன், துணிக்கு அந்தப் பக்கம் நின்னு பாடு, நான் ஊட்டிக்கிறேன், மொகத்த மட்டும் காட்டாதன்னா. காட்டல. அவளுக்கு அஞ்சு வயசு ஆகுற வரைக்கும். கொடியில விரிப்பு காயும்ல, அதுக்குப் பின்னாடி நின்னுதான். பள்ளிக்கூடம் சேர்த்ததும் நின்னு போச்சு.”

டிகிரி கணக்கில் கெட்டிக்காரி. இந்தக் கணக்குக்குக் கெட்டிக்காரத்தனம் வேண்டியதில்லை.

“அவளுக்கு அஞ்சுன்னா எனக்கு ஒண்ணு.”

“ஆமா.”

“நான் எங்க இருந்தேன்?”

“அங்கதான். துணி தள்ளுற கூடையில போட்டு வச்சிருப்பேன்.”

“அப்ப நானும் கேட்டிருப்பேன்ல? எனக்கும் பாடினதுதான அது?”

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆமாண்டி கண்ணு, உனக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லியிருந்தால் மகள் அழுதுவிட்டு, மிச்சக் கஞ்சியை ஊட்டிவிட்டு, பையில் துணி அடுக்கியிருப்பாள். ஆனால் கறைக்காரி போகாத கறையைப் போகும் என்று யாரிடமும் சொன்னவளில்லை.

“நீ அழுவ,” என்றாள். “பாட்டு ஆரம்பிச்சாலே வீல்னு கத்துவ. உன் சத்தத்துல அவளுக்குக் கேக்காம போயிடும்னு மடிப்பு மேசைக்காரிகிட்ட குடுத்து உன்ன அந்தாண்ட தூக்கிட்டுப் போகச் சொல்லிடுவேன்.”

பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள்.

“சரி. அவ பள்ளிக்கூடம் போயிட்டா. அதுக்கப்புறம்? எனக்கு ரெண்டு வயசு இருந்துச்சு, அஞ்சு இருந்துச்சு, பத்து இருந்துச்சு. காய்ச்சல்ல கெடந்திருக்கேன். பரீச்சைக்குப் பயந்து தூங்காம கெடந்திருக்கேன். ஒரு அடி பாடினா என்ன கொறைஞ்சிருக்கும்? அப்பா வேணாம்னு சொன்னாரா?”

“அவரா? எல்லாம் தெரிஞ்சுதான் கட்டினார். பழச பேச வேணாம்னு ஒரே ஒரு வார்த்த சொன்னார். பாட்டப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

“பின்ன?”

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். தெளிவாக, நிறுத்தி, தொண்டை அனுமதித்த அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

“அவளுக்கு நான் வேற எதடி குடுத்தேன்? ஒரு கவுன் தச்சுக் குடுக்க முடிஞ்சுதா, ஒரு தல வாரி விட முடிஞ்சுதா? அவ வயசுக்கு வந்ததுகூட உங்க பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சித்தி சித்தின்னு வருவா, ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டுப் போவா. உனக்குச் சோறு குடுத்தேன், துணி குடுத்தேன், உங்கப்பா பேரு குடுத்தேன், ஊருல எவளுக்கும் இல்லாத படிப்பு குடுத்தேன். மீதி எல்லாமே நீதான எடுத்துக்கிட்ட. அவளுக்குன்னு நான் வச்சது அந்தத் தப்புப் பாட்டு ஒண்ணுதான். அதுலயும் பங்கு கேக்குறியா?”

“ஆமா. கேக்குறேன்.”

“தர மாட்டேன்.”

அது கோபத்தில் வந்த வார்த்தையாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அம்மா நிதானமாக இருந்தாள். பத்துப் பாத்திரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துத் தனியாக வைக்கிறவளின் நிதானம்.

டிகிரிக்கு அழுகை வரவில்லை. நாளைக்கு விடியற்காலையில் எழுந்து இவளை ஆட்டோவில் ஏற்றி, வரிசையில் நின்று, ஆஸ்பத்திரிக்காரர்கள் நீட்டும் காகிதமெல்லாம் படித்து, மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நாளை மறுநாள் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பிறகு பேச்சு வராத இவளுக்கு மாதக்கணக்கில் வாயாக இருக்கப்போவது யார் என்று யோசித்தாள். வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இந்தக் குடும்பத்தில் ஒருத்திக்குப் பாட்டு, இன்னொருத்திக்குப் பாரம். எவ்வளவு ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்!

“அவளுக்கு உன் கட்டி தெரியாது. பச்ச ஒடம்புக்காரின்னு மறைச்சு வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்.”

“தெரிய வேணாம்.”

“தெரியணும். நான் போய்ச் சொல்லப் போறேன். கட்டியையும் சொல்லுவேன், துணிக்குப் பின்னால நின்னது யாருன்னும் சொல்லுவேன். பாட்ட வாங்கினவ வந்து பக்கத்துல உக்காரட்டும்.”

அப்போது அதைப் பார்த்தாள். பயம் வருவதற்கு முன்னால், ஒரு கண் இமைக்கிற நேரம், அம்மாவின் முகம் மலர்ந்தது. அக்கா இந்த அறைக்குள் வருவாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள், குரல் இருக்கும்போதே வருவாள் என்ற நினைப்பு வந்து, மேல் உதட்டை ஒரு பக்கம் தூக்கிவிட்டுப் போனது. தன் பட்டமளிப்பு விழாவில்கூட அந்த முகத்தை டிகிரி பார்த்ததில்லை. அடுத்த நொடியே அம்மா அதை அழித்துவிட்டாள். அழிப்பதுதானே அவள் தொழில்.

“வேணாம். வாக்குக் குடுத்திருக்கேன். உங்க பெரியம்மா தூக்குல தொங்கிடுவா. மாப்பிள்ள வீட்டுல என்ன நெனைப்பாங்க? அவ குடித்தனம் என்ன ஆகும்? கேட்டா பால் கட்டிக்கும்டி அவளுக்கு! உன்னத்தான் கேக்குறேன்.”

“வந்தா ஆசதான உனக்கு?”

“இல்ல.”

“இப்பதான் மொகத்துல பார்த்தேன்.”

“இல்லன்னு சொல்றேன்ல!”

டிகிரி கதவோரம் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ஈரத்தில் வார் இறுகிப்போய்க் கால் நுழைய மறுத்தது. குனிந்து, குதிகாலைத் திணித்து, நிமிர்ந்தாள். இவளைத் தண்டிக்கத்தான் போகிறேனா, இவள் கேட்காமல் கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கத்தான் போகிறேனா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டுக்கும் வழி ஒன்றுதான், நான்கு தெரு. அக்காவின் குடித்தனத்தைப் பற்றியும் யோசிக்காமலில்லை. யோசித்தாள். காலையில் தோளில் கிடந்த அந்தச் சிவப்புப் பிண்டத்தையும் யோசித்தாள். நாளை மறுநாளுக்குப் பிறகு தெரியவந்தால் அக்கா தன்னை மன்னிக்க மாட்டாள். இப்போது சொன்னாலும் மன்னிக்கப் போவதில்லை. மன்னிக்காவிட்டால் போகட்டும்.

“கஞ்சிய முழுசா குடி. கெட்டியாயிட்டா எறங்காது,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அம்மா நடைவழி வரைக்கும் வந்தாள். “ஏய், நில்லுடி! நில்லுன்னு சொல்றேன்ல!” பேசவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த தொண்டை, படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி கத்தியது. மூன்றாவது தடவை கத்தும்போது சத்தம் வரவில்லை, காற்று மட்டும் வந்தது. டிகிரி ஒரு படியில் நின்றாள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். பிறகு இறங்கினாள்.

கீழே, படிக்கட்டுக்கு அடியில் மிஷின் போட்டிருந்த தையல்காரம்மா தலையை நீட்டினாள்.

“என்ன டிகிரி, கொடகூட இல்லாம? மேல உங்கம்மா கத்துற மாதிரி இருந்துச்சு?”

“பெரியம்மா வீட்டுக்குப் போறேன்.”

“இந்த மழையிலயா? அப்படி என்ன அவசரம்?”

“அக்காவோட அம்மாவுக்கு நாளன்னைக்கு ஆப்பரேஷன். அவகிட்ட யாரும் சொல்லல.”

தையல்காரம்மா மிஷினை நிறுத்தினாள். “யாருக்கு, உங்க பெரியம்மாவுக்கா? அட என்னடி இது! காலையிலதான சந்தையில பார்த்தேன். குத்துக்கல்லு மாதிரி நின்னு வெலை பேசிக்கிட்டு இருந்தாங்களே!”

டிகிரி மழைக்குள் இறங்கினாள்.